டேட் தராத டாக்டர்

“சார், உங்களுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆயிடுச்சா? இல்ல, இன்னும் வெயிட்டிங்கா?”

தாம்பரத்தில் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே, அஸ்கர் பாய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவள் ஜெரூஷா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். சற்று முன்பு அவர் சாலையைக் கடந்து வந்ததை அவள் கவனித்திருந்தாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“வெயிட்டிங்தான்” என்றார் அவர். “நீங்க யாரும்மா?”

“ஆய்வு பண்றோம் சார். இந்த ஆபரேஷனுக்கு ஜனங்க எவ்ளோ காலம் காத்திருக்காங்கன்னு அளந்து, அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் குடுக்கணும். எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். உங்க பேர் சார்?”

“பேரு வேணாமே. டாக்டர் காதுக்குப் போனா வம்பு.”

“அவ்ளோ மோசமா அந்த டாக்டர்?”

“சரியான பிடிவாதம் புட்ச்ச மனுஷன் மேடம்!” பாய்லர் பக்கத்திலிருந்து அஸ்கர் குரல் கொடுத்தார். “எம் மாமியாருக்கு சூப்பரா பண்ணி அனுப்ச்சாரு. இப்ப அது மார்க்கெட்டுக்கு நடந்து போய்கினு கீது. இன்னா பிரயோஜனம்? இந்த சாருக்கு மட்டும் டேட் குடுக்க மாட்டேன்றாரே!”

பெஞ்சில் இருந்தவர் டீ புரையேறாமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

ஜெரூஷா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். “டாக்டர் ‘ஆபரேஷன் வேணும்’னு சொன்ன நாள்லேர்ந்துதான் நாங்க கணக்கு எடுக்கறோம் சார். உங்களுக்கு எப்ப சொன்னாரு?”

“முந்தின வருஷம், கிறிஸ்மஸ் சமயத்துல. எக்ஸ்ரேவைப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மூட்டு சுத்தமா தேஞ்சிருக்கு, மாத்தியே ஆகணும்னு.”

“அப்பவே தெரிஞ்சுமா டேட் தரல?”

“தராம என்ன? பல தடவை தந்தாரு. ஒரு தடவை, பெருங்களத்தூர்ல சாரத்துலேர்ந்து விழுந்த பெயிண்டர் ஒருத்தன் வந்தான். என் டேட்டைத் தூக்கி அவனுக்குக் குடுத்தாச்சு. இன்னொரு தடவை முடிச்சூர்லேர்ந்து ஒரு டீச்சரம்மா. பொண்ணு கல்யாணத்துல நின்னுட்டு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிடணும்னு அழுதாங்க. அதுவும் போச்சு.”

“உங்களை ஒரு வார்த்தை கேக்காமலா?”

“கேட்டாரு. எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல.”

“நல்லா இருக்கு நியாயம்! உங்க வீட்டுலேர்ந்து யாராவது போய்ப் பேசலாமே சார்?”

“என் மனைவி ஹில்டா திட்டாத திட்டா? அவரு காதுலயே வாங்கறதில்ல.”

ஜெரூஷாவின் விரல் டேப்லெட்டில் கோபமாகத் தட்டியது. “என்ன வேலை சார் பாக்கறீங்க?”

“சுத்தியல், ரம்பம், ட்ரில்லு. நாள் பூரா நின்னுட்டே செய்யற வேலை.”

“கார்பெண்டரா?”

“கிட்டத்தட்ட.”

அஸ்கர் அவசரமாக முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

“இந்த இடுப்போட நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறீங்களா?” ஜெரூஷாவுக்கு மனசு தாங்கவில்லை. “இந்த டாக்டரையே ஏன் சார் கட்டிட்டு அழணும்? சிட்டியில எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. அங்க போய் பண்ணிக்கலாமே?”

அவர் முகத்திலிருந்த குறும்பு முதல்முறையாக மறைந்தது. காலி கிளாஸைக் கீழே வைத்தார்.

“பண்ணிக்கலாம்மா. ஆனா அப்புறம் மாசக்கணக்குல வேலைக்கு வர முடியாது. நான் படுத்துட்டா இங்க எல்லாம் அப்படியே நின்னுடும். இன்னொரு ஆள் போடறோம், போடறோம்னு மேலிடத்துல சொல்லிட்டே இருக்காங்க. வந்தபாடில்ல. என்னை நம்பி நிறைய பேர் காத்துட்டு இருக்காங்க.”

“அதுக்காக உங்க காலைப் பலி குடுக்கணுமா?”

“அதான் உங்க ரிப்போர்ட்ல நல்லா அழுத்தமா எழுதுங்க. இவ்ளோ பெரிய ஊருக்கு ஒரே ஒரு டாக்டர் பத்தாது, உடனே இன்னொருத்தரை அனுப்புங்கன்னு. அனுப்பினா எனக்கும் ஒரு வழி பொறக்கும்.”

“கண்டிப்பா எழுதறேன் சார்.” ஜெரூஷா எழுந்தாள். “மதியானம் அந்த டாக்டரைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். உங்களை எதுக்கு இப்படி அலைக்கழிக்கிறாருன்னு மூஞ்சிக்கு நேராவே கேக்கப்போறேன். நீங்க பயப்படாதீங்க.”

“கேளுங்கம்மா. அந்த ஆளுக்கு நல்லா வேணும்” என்றார் அவர், மிகுந்த திருப்தியுடன்.

“வுடாதீங்க மேடம்! நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு வாங்க” என்றார் அஸ்கர், கண்ணைத் துடைத்தபடி.

அப்போது ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து நர்ஸ் சுபத்ரா வேகமாகச் சாலையைக் கடந்து வந்தாள். பழக்கப்பட்டவள்போல, பெஞ்சில் இருந்தவர் எழுந்திருக்கத் தன் தோளைக் கொடுத்தாள்.

“எட்மண்ட் டாக்டர், ஒரு டீ குடிக்க இவ்ளோ நேரமா? அடுத்த பேஷண்ட்டை டேபிள்ல படுக்க வெச்சாச்சு. இடுப்பு ஆபரேஷன் பண்ண உங்களை விட்டா இங்க வேற யாரு சார் இருக்கா?”