முச்சந்திக்கு முட்டை மார்க்

“முதல்ல அந்தப் பைத்தியத்தை ரோட்டுலேருந்து அப்புறப்படுத்துங்க மேடம்!”

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் மேசையைத் தட்டினார். நகராட்சிக் கூட்ட அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்ன ‘பைத்தியம்’ கடைசி வரிசையில், கழுத்தில் அளவு டேப்போடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட முச்சந்தியில் தையல் கடை வைத்திருப்பவள். பிள்ளைகளுக்கு அவள் டேப் அக்கா.

“காலையிலயும் சாயங்காலமும் நடுரோட்டுல வந்து நிக்கிறா. கையில ஒரு சிவப்புத் துணி. நேத்து என் காரை மறிச்சு பானெட்டுல ஓங்கி ஒரு அடி!”

“அடிச்சீங்களாம்மா?” என்றார் நகராட்சித் தலைவி.

“ஆமா மேடம். அவர் ஹாரன் அடிச்சாரு. என்கிட்ட ஹாரன் இல்லை.”

அறையே சிரித்தது, செயலாளரைத் தவிர.

“சரி, அதை அப்புறம் பார்ப்போம்” என்று தலைவி பொறியாளர் பக்கம் திரும்பினார்.

புது அடுக்குமாடியைக் கட்டிய நிறுவனம், ஊர் வசதிக்கென்று நகராட்சிக்கு ஒரு தொகை கட்டியிருந்தது. ஒரு வேலைக்குத்தான் வரும். கடைசியில் மிஞ்சியவை இரண்டு மனுக்கள். அடுக்குமாடி வாசலில் கல் பதித்த நடைபாதை. பள்ளிக்கூட முச்சந்தியில் சிக்னல். சிக்னல் கேட்டவள் டேப் அக்கா.

“பாருங்க மேடம், ரோட்டுல ராஜ்யம் பண்றது போதாதுன்னு இதுக்கு விளக்கு வேற வேணுமாம்!”

பொறியாளர் இளைஞர், கறாரானவர். “இங்க சத்தம், சிபாரிசு எதுவும் எடுபடாது சார். மார்க் மட்டும்தான். போன அஞ்சு வருஷ போலீஸ் ரெக்கார்டுல அந்த இடத்துல எத்தனை பேர் அடிபட்டிருக்காங்களோ, ஆளுக்கு இருபது மார்க்.”

தாளைப் புரட்டினார்.

“அடுக்குமாடி வாசல். ரெண்டு பேர். நாற்பது மார்க்.”

“யாரு ரெண்டு பேர்?” என்றார் தலைவி.

“ஒண்ணு, பேப்பர் போடுறவர் சைக்கிளோட விழுந்தது. இன்னொண்ணு, வாட்ச்மேன் கால் மேல கார் ஏறினது.” பொறியாளர் தயங்கினார். “ரிவர்ஸ் எடுத்தது... செயலாளர் சார்தான்.”

செயலாளர் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். “நடைபாதை இருந்திருந்தா அவன் ஏன் அங்க வந்து நிக்கப்போறான்?”

“அடுத்தது பள்ளிக்கூட முச்சந்தி...” பொறியாளரின் விரல் தாளின் கீழ்வரை இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது. “முட்டை. அஞ்சு வருஷத்துல ஒருத்தருக்குக்கூட ஒரு சிராய்ப்பு இல்லை.”

“அப்போ அங்க ஆபத்தே இல்லைன்னுதானே அர்த்தம்!” செயலாளர் கிட்டத்தட்டத் துள்ளினார்.

டேப் அக்கா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ, இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது.

“அதுக்கு முந்தின வருஷம் பாருங்க சார்.”

“அது கணக்குல வராதும்மா.”

“சும்மா பாருங்களேன்.”

அவர் ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். பார்த்தவரின் முகம் மாறியது.

“ஏழு.”

“ஏழா?” தலைவி நிமிர்ந்தார்.

“ஏழு பேர் மேடம். எல்லாருமே ஸ்கூல் பிள்ளைங்க.” அவர் டேப் அக்காவைப் பார்த்தார். “அப்புறம் எப்படிம்மா ஒரேயடியா நின்னுச்சு?”

“அந்த வருஷக் கடைசியிலதான் அங்க கடை போட்டேன். முதல் வாரமே என் வாசல்ல ஒரு பிள்ளை அடிபட்டுச்சு. மறுநாள்லேருந்து நிக்கிறேன்.”

அவள் இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியையே எல்லோரும் பார்த்தார்கள். செயலாளரின் பாட்டில் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார் பொறியாளர். “மார்க் இல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது. அடுத்த பில்டர் பணம் கட்ட ஆறு மாசம் ஆகும். அப்போ மறுபடி மனு போடுங்க.”

டேப் அக்கா கோபப்படவில்லை. டேப்பை விரலில் சுற்றியபடி ஏதோ யோசித்தாள்.

“அடுத்த வாரம் எனக்கு முட்டி ஆபரேஷன். மூணு மாசம் நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றாள். “அப்போ அதுக்குள்ள மார்க் வந்துடும்ல சார்?”