விட்டுப்போனவள்

தம்போய் வட்டாரத்து உணவகம் ஒன்றில் ஃபரீஹா எதிரே வந்து உட்கார்ந்ததும் பிரவீனாவின் நெஞ்சு குறுகுறுத்தது. ஏழு வருடம் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் மாரடித்தவர்கள். மருந்துப் பரிசோதனைகளை நடத்தும் கம்பெனி ஒன்று மேலாளர் வேலைக்குத் தானாகவே அழைத்ததும், பிரவீனா புற்றுநோய் ஆய்வைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அது நடந்து மூன்று மாதமாகிறது.

“மேனேஜரம்மா தே தாரிக் எல்லாம் குடிப்பீங்களா?”

“கிண்டல் வேணாம் லா. லேப் எப்படி இருக்கு?”

“உன் கேன்சர் செல்லுங்களுக்கும் சேர்த்து நான்தான் தீனி போடுறேன். ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல.”

பிரவீனா தலைகுனிந்தாள்.

“உன்னைத் தனியா தவிக்க விட்டுட்டு ஓடிட்டேன். மன்னிச்சிரு, ஃபரீ.”

ஃபரீஹா தன் தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“அந்தக் கம்பெனிக்கு உன் பேரைக் கொடுத்ததே நான்தான்.”

பிரவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவா?”

“இல்ல. அடுத்த வருஷம் லேப்ல நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்குவேன்னு புரொஃபசர் என்கிட்ட சொல்லியிருந்தாரு.”

ஃபரீஹா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீ இருந்திருந்தா, உன்னைத்தான் வச்சிருப்பாரு.”