பஞ்சருக்கு மட்டும்தான் நிற்பது

அன்று வந்தவர்கள் டெய்லர், மருந்துக்கடைக்காரர், டீச்சர், போஸ்ட்மேன், நான். ஆளுக்கொரு சைக்கிள். பஞ்சர் டப்பா வழக்கம்போல் என் கேரியரில். மில்லில் ஸ்டோர் பார்த்தவன் என்பதால் அது என் பொறுப்பு. புறப்படும் முன் திறந்து பார்த்தேன். சொல்யூஷன் ஒரு ட்யூப், உப்புத்தாள் ஒரு துண்டு, ரப்பர் பேட்ச் எட்டு.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சுற்று. அணைக்கரை மேலேயே நீர்த்தேக்கத்தைப் பாதி வளைத்து, மதகடியில் இறங்கி, கால்வாய்க் கரையோடு போய், கடைசியில் ஒரு மேடு ஏறினால் புறப்பட்ட இடம் வந்துவிடும்.

வயசுக் காலத்தில் போட்ட சட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. பஞ்சருக்கு மட்டும்தான் எல்லோரும் நிற்பது. மூச்சு வாங்குகிறவருக்காக யாரும் நிற்கக் கூடாது. அவர் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சட்டம் போட்டவர் போஸ்ட்மேன். அப்போதெல்லாம் அவர் முதுகைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டு போவோம்.

இந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"டாக்டர் ஓட்டலாம்னுட்டார். அவசரப்படக் கூடாதாம், அவ்வளவுதான்" என்றார். "ஆனா ஒண்ணு. எனக்காக எவனாவது நின்னீங்கன்னு தெரிஞ்சுதோ, இன்னியோட சைக்கிளைப் பரண்ல ஏத்திடுவேன்."

"உமக்காக யாருய்யா நிக்கப்போறா?" என்றார் மருந்துக்கடைக்காரர், தன் புது டயரைத் தட்டியபடி. "இது மேல ஆணி ஏறினா ஆணிதான் வளையும். டெய்லர் டயரைப் பாருங்க, வழுக்கைத் தலை மாதிரி இருக்கு."

அவர் வாய் பலித்தது. அணைக்கரையில் பாதி தூரம் போனதுமே டெய்லர் கையைத் தூக்கினார்.

"பஞ்சர்."

என்னிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு, சைக்கிளோடு கரைக்கு அந்தப் பக்கம் சரிவில் இறங்கினார்.

"யாரும் கூட வராதீங்க. ஆள் பார்த்தா எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது."

நாங்கள் உட்கார்ந்தோம். வெகு பின்னால் புள்ளியாகத் தெரிந்த போஸ்ட்மேன் வந்து சேர்ந்து, அவரும் உட்கார்ந்தார்.

மதகடியில் மறுபடியும் டெய்லர் கையைத் தூக்கினார்.

"ஊருக்கெல்லாம் புதுசு தைக்கிறவர், தனக்கு ஒரு டயர் வாங்கினா என்னவாம்?" என்றார் மருந்துக்கடைக்காரர். டெய்லர் டப்பாவோடு சரிவில் இறங்கிவிட்டார்.

போஸ்ட்மேன் வந்ததும் டீச்சர் தண்ணீரைக் காட்டினார்.

"இங்கதானே நான் சைக்கிள் கத்துக்கிட்டேன். நேரா கால்வாய்க்குள்ள விட்டேன். இவர்தான் குதிச்சார்."

"காப்பாத்தினேன் இல்ல?"

"முதல்ல சைக்கிளைத்தானே தூக்கினீங்க?"

"அது தபால் ஆபீஸ் சைக்கிள், டீச்சர். போச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்."

டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எங்களுக்கும் கால்வாயில் அந்தப் பழைய சைக்கிளின் மணி கேட்பது போலிருந்தது.

பம்ப் ஹவுஸ் தாண்டியதும் மூன்றாவது முறை. மருந்துக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இவர் ஒட்டுற லட்சணத்தை நானே பார்த்துட்டு வரேன்" என்று சரிவில் இறங்கினார்.

சட்டையெல்லாம் தூசியாகத் திரும்பி வந்தவர், போஸ்ட்மேன் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"பெரிய ஓட்டை. நேரமாகும்" என்றார்.

கடைசி மேடு வந்தது. நாங்கள் நால்வரும் அடிவாரத்தில். போஸ்ட்மேன் பின்னால், ஒரு காலை ஊன்றி நின்று நின்று வந்துகொண்டிருந்தார். டெய்லர் தன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். நாலாவது முறையும் கையைத் தூக்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

"ஐயோ" என்று குரல் வந்தது. மருந்துக்கடைக்காரர் இறங்கி நின்றார். "என் பின் சக்கரம் போச்சு."

எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆணி வளையும்னீங்க?" என்றார் டீச்சர்.

"வளைஞ்ச ஆணி போல. டப்பாவைக் குடுங்க."

டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை டப்பாவோடு புதருக்குப் பின்னால் போனவர் மருந்துக்கடைக்காரர்.

போஸ்ட்மேன் வந்து புல்லில் சாய்ந்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் வந்ததும் ஐந்து பேரும் சேர்ந்தே மேட்டில் ஏறினோம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கரைமேல் நின்றபோது நீர்த்தேக்கம் முழுக்க வெயில் பரவிக் கிடந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் போஸ்ட்மேன். "எனக்காக ஒருத்தரும் நிக்கல. உங்க வண்டிங்கதான் கிழடு தட்டிப்போச்சு. என்னுதுல காத்துகூட இறங்கல."

"அடுத்த வருஷம்?" என்றார் டெய்லர்.

"வராம? உங்களையெல்லாம் நம்பி இந்தப் பாதையில விட முடியுமா?"

வீட்டுக்கு வந்து டப்பாவைத் துடைத்து வைக்கும்போது கணக்குப் பார்த்தேன். டெய்லருக்கு மூன்று பஞ்சர், மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று. எட்டில் நாலு போனால் நாலு இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக மேஜைமேல் எடுத்து வைத்து எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

மீதி எட்டு.