நாலாவது முட்டை

“உலகத்துல இருக்கிற முட்டாளுங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சா, முதல்ல நிக்கிறது மனுஷன் இல்லைங்க மேடம். இந்தக் குருவிதான்.”

சொன்னவர் ராணுவ முகாமின் மூத்த வீரர். தொண்டை வளத்தால் பெற்ற பட்டம், ‘பீரங்கி’. வெடிக்காத குண்டுகள் புதைந்துகிடக்கும் ஓடைக்கரையில், பறவை ஆய்வாளர் எங்கே கால் வைக்கலாம் என்று காட்டுவது அவர் வேலை. பேச்சு, அவராகச் சேர்த்துக்கொண்டது.

“மெதுவாப் பேசுங்கண்ணே. நாடு முழுக்க இந்தக் குருவி பதினோரு ஜோடிதான் மிச்சம்.”

“எப்படி மிஞ்சும்? ஒரு ஜாதிக் குயில், காக்காவை விட்டுட்டு இது கூட்டுல வந்து முட்டையைப் போட்டுட்டுப் போயிடுது. இது என்ன ஏதுன்னு கேக்காம அடைகாக்குது. முப்பது வருஷ சர்வீஸ்ல அடுத்தவன் மூட்டையை நான் ஒரு அடி தூக்கினது கிடையாது.”

ஆய்வாளர் புதரை விலக்கினார். கூட்டில் புள்ளி வைத்த மூன்று சின்ன முட்டைகள். நடுவில், பந்தியில் இடம் பிடித்தவனைப் போல, கொழுத்த நான்காவது. அதைக் கரண்டியால் எடுத்துக் காதருகே கொண்டுபோனார்.

“உள்ளே கொத்த ஆரம்பிச்சிருச்சு. பொரிஞ்சா முதல் வேலையா மத்த மூணையும் வெளியே தள்ளிடும். ஓடையில போட்டுடுங்கண்ணே.”

“கொடுங்க. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு.”

பீரங்கி கரையில் இறங்கினார். ‘தொபுக்’ என்று சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

இனி தாய்க்குருவி வர வேண்டும். ஒன்பது மணிக்குப் பக்கத்து மைதானத்தில் பீரங்கிச் சுடுபயிற்சி. அதற்குள் முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் எந்த வெடிக்கும் அசையாது. வெளியே இருக்கும்போது முதல் குண்டு வெடித்தால், கூட்டையே மறந்துவிடும். மூன்று முட்டையும் வீண்.

“அசையவே கூடாதுண்ணே.”

பீரங்கி உட்கார்ந்தார். இருமவில்லை. மூக்கில் உட்கார்ந்த கொசுவை அடிக்கவில்லை. நாட்டுப்பண்ணுக்கு நிற்கும் விளையாட்டு வீரரைப் போல வலது கையை நெஞ்சில் வைத்தவர், ஒன்றேகால் மணி நேரம் எடுக்கவே இல்லை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குருவி வந்தது. கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. உட்கார்ந்தது. முதல் குண்டு வெடித்தது. குருவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஆய்வாளருக்கு மூச்சு வந்தது.

“உங்களை மாதிரி பொறுமைசாலி யாரும் என்கூட வந்ததில்லைண்ணே. அது என்ன, நெஞ்சுல கை?”

“நாட்டுப்பற்று மேடம்.”

பள்ளம் மேடு பார்த்து, நிறைகுடம் சுமப்பவரைப் போல நடந்தார். ஜீப்பில் ஏறும்போது நாட்டுப்பற்று ‘கீச்’ என்றது.

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். பீரங்கி வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம்... இது என்ன சாப்பிடும்?”