வலி அவருக்கு, நடை எனக்கு

வேலையிடத்தில் அடிபட்டால், வலி முழுக்க அதற்குக் காரணமானவர் உடம்புக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். "டிகிரி படிச்ச பொண்ணுக்கு செருப்போட பாத்து நடக்கத் தெரியாதா?" என்று பாதுகாப்பு ஷூ தர மறுத்த மேலாளர் கோதண்டம்தான் என் வலிக்காரர். இரும்பு விழுந்து நொறுங்கிய என் பாதத்துக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

"குதிகாலைத் தூக்குங்க, பத்து தடவை," என்றார் பிசியோ.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாலாவதிலேயே போன் வந்தது.

"மேடம், கொஞ்சம் மெதுவா," என்று கோதண்டம் முனகினார்.

"என்ன சார், புதுசா மேடம்? என்கூட வேலை செய்யுற ஜெரினாவுக்கு ஷூ குடுத்தாச்சா?"

"அடுத்த மாசம் மேடம்."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பிசியோவிடம் கேட்டேன். "இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மாடி?"

"ஆறு."

மாடிப்படிக்குப் போய் முதல் படியில் காலை ஊன்றினேன்.

"இன்னிக்கே மேடம், எல்லாருக்கும்," என்றது போன்.