நிந்தவூர்க் கால்

"அந்தக் கால எனக்கிட்ட உடுங்க" என்றார் ஹமீட்.

கல்முனை அணித் தலைவன் பளீலுக்கு வேர்த்துக் கொட்டியது. "முறிச்சுப் போடாதீங்க காக்கா. பொலிஸ் வந்திரும்."

"நான் ஆர்ர கால முறிச்ச? மறிக்கிற ஆள்டா நான்!"

பொய்யில்லை. கொழும்பில் பன்னிரண்டு வருஷம் சம்பளத்துக்குப் பந்தாடிய பின்வரிசை 'பேக்' அவர். காற்றுக்கூட ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அவரைத் தாண்டும். ஒருமுறை கல்முனையில் அவர் திருப்பியடித்த பந்து, மறுநாள் கரைவலையில் மீனோடு மீனாக வந்தது. இப்போதோ முழங்கால் இரண்டும் பென்ஷன் எடுத்துவிட்டன.

முப்பத்தாறு வயதில் ஹமீட் மாப்பிள்ளையாக வந்த கிழமையே கல்முனைக்கு முதல் கோப்பை கிடைத்தது. கழகத் தலைவரான மாமனாரோடு, ஒரு கையை உயர்த்தி அவர் நிற்கும் படம் இன்றும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தக் கோப்பை இருபது வருஷமாக ஊரைவிட்டு நகரவில்லை. இந்த முறை பைனலில் எதிரே நிந்தவூர். அவர்களுடைய றஊபின் இடது கால் மட்டும் பதினேழு கோல் போட்டிருந்தது.

"கோப்பை போனா நான் பஜாருக்குள்ள தலை காட்டேலாது" என்ற ஹமீட், மறுநாள் காலை அத்தர் பூசி, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு நிந்தவூர் பஸ் ஏறினார். பிறந்த ஊர்தானே, வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போனார்.

பளீல் பதறினான். "லஞ்சமா காக்கா?"

"வாய மூடிட்டுப் பந்தடி!"

ஞாயிறு பின்னேரம். விசில் ஊத நேரமாகியும் நிந்தவூர்க்காரர் றஊபைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனோ கல்முனைச் சட்டையில் மைதானத்துக்குள் ஓடி வந்து கையை உயர்த்தினான். உள்ளங்கை முழுக்க மருதோண்டிச் சிவப்பு!

வெள்ளிக்கிழமைதான் அவனுக்கும் ஹமீட்டின் மகள் ஸுல்பிகாவுக்கும் நிக்காஹ். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பான். குடியிருக்கும் ஊருக்குத்தான் விளையாடலாம் என்பது கோப்பைச் சட்டம். நிந்தவூர் தலையிலடித்துக்கொண்டது. றஊப் மூன்று கோல் போட்டான். கிடுகு வேலிக்குப் பின்னால் கேட்ட பெரிய கைதட்டல் ஸுல்பிகாவுடையது.

ஹமீட் வீட்டுக்கு வந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாத்தியா ஸாலிஹா, என்ட காலத்துல இப்பிடி ஒருத்தனையும் மறிச்சதில்ல! பாவம் பொடியன், தன்ட அழகுக்குத்தான் பொண் குடுத்தெண்டு நினைச்சிட்டிரிக்கான்!"

"ஓம் ஓம், பாவம்தான்" என்றாள் மனைவி.

"என்ட கதை வேற. உங்கட வாப்பா என்ட தொழுகையையும் குணத்தையும் பாத்தெல்லுவா தேடி வந்து எடுத்த!"

ஸாலிஹா சுவரிலிருந்த முதல் கோப்பைப் படத்தைக் கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து, அவர் மடியில் வைத்தாள்.

"இதுல உங்கட கையிலயும் மருதோண்டி காயல்லியே!"