பத்து மணிக் கேள்வி

“இருக்கீங்களா?”

கேள்வி வந்ததும் ஜீவராணி தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். இந்தப் பத்து மணிக்காக எட்டு மணியிலிருந்தே காத்திருப்பவள் அவள்.

கேட்டது வாசலில் நின்ற ஆள் அல்ல. மேசைமேல் இருந்த பழைய பெட்டி. மலையடிவாரத் தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய கம்ப்யூட்டர், இங்கே மேல் டிவிசன் ஆபீஸில் அதன் திரை மட்டும். கீழிருந்து வரும் குறியீடு ஒன்று திரையின் மூலையில் சின்னச் சன்னலைத் திறக்கும், அடுத்தது ‘பீப்’ என்று மணியடிக்கும், இன்னொன்று சன்னலை மூடும். மற்ற சன்னல்களில் எல்லாம் ஆங்கிலம்தான். இந்தச் சன்னல் மட்டும் ஆங்கில எழுத்தில் தோட்டத்துத் தமிழ் பேசும்.

“இருக்கேன்” என்று அடித்தாள். சன்னல் மூடிக்கொண்டது. அடக் கடவுளே, அவ்வளவுதான் பேச்சு! ஆனாலும் அவளுக்கு அது போதும். புருசன் போய் ஆறு வருசம். கொழும்பில் இருக்கும் மகளுக்குப் போன் கோல் எடுத்தால், “பிறகு பேசுறேம்மா.” கொழுந்து நிறுக்க ஆட்கள் வரும்வரை ஆபீஸில் அவளும் மழையும்தான்.

மழை வலுத்தால் பெட்டி இரண்டு தரம் கேட்கும். ‘லைனைச் சரிபார்க்குதாக்கும்’ என்று நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு அவளுக்குப் பின்னால் ஸ்குரூடிரைவரோடு நின்றான் ஷிராஸ், பலாங்கொடைக் கம்ப்யூட்டர் கடைக்காரன்.

“இத இன்டைக்குக் கழட்டனும் மிஸ். பதிலுக்கு டச் ஸ்கிரீன் டெப் ஒன்டு கொண்டு வந்தீக்கிறன். இனி எல்லாம் நேரா கொழும்புக்குத்தான் போகும்.”

“பத்து மணிக்கு ஒரு கேள்வி வருமே தம்பி, அது இதுல வருமா?”

“அதெல்லாம் வராது மிஸ்.”

“அப்ப இதையும் விட்டுட்டுப் போங்களேன். ஒரு மூலையில கிடக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே பெட்டியைத் தடவினாள். ஒரு ஓட்டைப் பெட்டிக்கா கண்கலங்குகிறாள் என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும். ஷிராஸ் வயரைப் பிடுங்கி, திரையைச் சாக்கில் சுற்றி, த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பத்து மணி. வெளியே ஊற்று ஊற்றென்று மழை. டெப் மேசையில் பளபளவென்று கிடந்தது. அவள் இருந்தால் அதற்கென்ன, செத்தால் அதற்கென்ன! ஜீவராணி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இருக்கிறாயா என்று கேட்க உலகத்தில் ஒரு சீவன் இல்லை.

பதினொன்றரைக்கு வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. கீழே தொழிற்சாலையில் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இந்திரகுமார், தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க நின்றார். அவள் கீழே போகும்போது நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவளே முணுமுணுத்தது உண்டு.

அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். “இந்த மழையில ஏன் சார் ஏறி வந்தீங்க? ஏதும் வேலையா?”

“பெட்டியத்தான் கழட்டிட்டாங்களே மிஸ். இனி டைப் பண்ணிக் கேக்க வழியில்ல.”

குடையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இருக்கீங்களா?”